பிளஸ் டூ உடற்கல்வி: செய்முறையில் அந்த 6 மதிப்பெண் யாருக்கு?

விசில்காரர்
சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பு உடற்கல்வியில் தியரி 70, செய்முறை 30. செய்முறையில் உடற்தகுதித் தேர்வுக்கு 6, விளையாட்டுத் திறனுக்கு 7, யோகாவுக்கு 7, ரெக்கார்டு நோட்டுக்கு 5, வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) 5. அந்த 6-ஐ ஓட்ட வேகத்தைப் பார்த்துப் போடுவது தவறு என்கிறேன். சீக்கிரம் வளர்ந்த பையன் ஒன்றும் படிக்காமலே வேகமாக ஓடுவான். சோதனையைச் சரியாக நடத்தி, முடிவை விளக்கத் தெரிந்தவருக்குப் போடுங்கள்.

மைதானம்
ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். அளவீடும் சோதனையும் தியரியில் தனிப் பாடமாகவே இருக்கிறது. உடம்பை வருத்துவதற்கென்று இருப்பதே கொஞ்சம் மதிப்பெண்தான், அதையும் எழுத்து வேலையாக்கினால் எப்படி? 600 மீட்டரில் முதல் 200-ஐப் பாய்ந்து ஓடுகிறவர் கடைசியில் நடக்கிறார். சீராக ஓடக் கற்றவர் ஓடி முடிக்கிறார். அதுவும் படிப்புதான்.

விசில்காரர்
தியரியில் சூத்திரம் சரியாக எழுதுகிறவர்கள் செய்யும்போது சறுக்குவதைச் சொல்கிறேன். பலகையில் ஏறி இறங்கியபின் நாடி எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று பார்க்கும் ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட்டை எடுங்கள். 20 அங்குல உயரப் பலகை, நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்க வேண்டும், 5 நிமிடம், அதாவது 300 விநாடி. முடித்தபின் 1, 2, 3-ஆம் நிமிடம் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் 30 விநாடி நாடி எண்ண வேண்டும். 70, 60, 50 என்று வந்தால் கூட்டல் 180. செய்த விநாடியை 100-ஆல் பெருக்கி, நாடிக் கூட்டலின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்: 300 × 100 ÷ (2 × 180) = 83.3. பலர் நாடியை நிமிடக் கணக்காக இரட்டித்துப் போடுகிறார்கள், விடை பாதியாகிவிடுகிறது. 4 நிமிடத்தில் நிறுத்தியவருக்கும் 300 போடுகிறார்கள். 240 போட்டால்தான் உண்மையான 66.7 வரும். இதை எந்த எழுத்துத் தேர்வும் காட்டிக்கொடுக்காது.

நேரக்காப்பாளர்
இடையில் ஒன்று. 50 மீட்டர் ஓட்டத்தில் விசில் சத்தம் முடிவுக்கோட்டுக்கு வந்து சேரவே 0.15 விநாடி ஆகிறது. அதைக் கேட்டு வாட்சை அழுத்தினால் நேரம் குறைவாக விழும். கொடியை இறக்கித் தொடங்குங்கள். இரண்டு வாட்ச் வைத்து, வித்தியாசம் வந்தால் அதிக நேரத்தை எடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து கையால் எட்டும் சோதனையில் முழங்காலை ஒருவர் பிடித்துக்கொள்ளாவிட்டால் மடங்கிவிடும், சென்டிமீட்டர் பொய்யாக ஏறும்.

மைதானம்
இதெல்லாம் நடத்துகிறவர்களின் கோளாறு, அதைத் திருத்துங்கள். ஓடியதற்கான மதிப்பெண்ணை ஏன் எடுக்க வேண்டும்? வேகம் பிறவியிலேயே வருவது என்றால் ஜூனிலும் டிசம்பரிலும் அளந்து முன்னேற்றத்துக்குப் போடலாமே.

விசில்காரர்
போட்டுப் பாருங்கள். ஜூனில் எல்லோரும் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவார்கள்! ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கிற பெண்ணுக்கு முன்னேற இடமே இருக்காது.

மைதானம்
அது நியாயமான பேச்சு. அப்படியானால் 3 ஓட்டத்துக்கு, 3 இன்னொருவருக்குச் சோதனை நடத்திக் காட்டியதற்கு. அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

விசில்காரர்
ஓட்டத்துக்கு 2.