பின்னங்கால் பூட்டிக்கொள்ளும் குதிரைக்கு ஓய்வு கொடுப்பதா, வேலை கொடுப்பதா?

வெண்குளம்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஐந்து வயதான, உயரமான, காயடிக்கப்பட்ட ஆண் குதிரை ஒன்று உள்ளது. அதன் பின்னங்கால்கள் இயல்பிலேயே வளைவு குறைந்து நேராக இருக்கும். குளம்பில் சீழ்க்கட்டி வந்ததால் அதைப் பல வாரங்கள் லாயத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. குளம்பு நன்றாக ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு, காலையில் வெளியே அழைத்து வரும்போது இடது பின்னங்கால் பின்புறமாக நீண்டு விறைத்து நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் ஒரு வெட்டுடன் விடுபட்டதும் குதிரை வழக்கம்போல் நடக்கிறது. டிராட்டில் (மித ஓட்டத்தில்) குறை அதிகம் தெரிவதில்லை. கேன்டருக்கு (அதைவிட வேகமான தாவு ஓட்டத்துக்கு) மாறத் தயங்குகிறது. வட்டத்தில் திரும்பும்போது அந்தக் காலின் குளம்பு நுனி தரையில் உரசுகிறது.

ஸ்டைஃபிள் எனப்படும் பின்னங்கால் மூட்டில்தான் கோளாறு என்று பார்த்த அனைவரும் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் மாதக்கணக்கில் ஓய்வு கொடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் தினமும் வேலை வாங்கச் சொல்கிறார், மூன்றாமவர் அந்த மூட்டின் இணைப்புநார் ஒன்றை அறுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார். எதை நம்புவது என்று தெரியாமல் மிகவும் கவலையாக இருக்கிறது.

பிடரி:

மூவரும் மூன்று வெவ்வேறு கோளாறுகளை மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே உங்கள் குதிரைக்கு இருப்பது எது என்று உறுதியாகும் வரை எந்த அறிவுரையையும் பின்பற்ற வேண்டாம்.

ஸ்டைஃபிள் குதிரையின் உடலிலேயே மிகப் பெரிய மூட்டு. மனிதரின் முழங்காலுக்கு இணையானது. அதன் முன்புறத்தில் உள்ள சில்லெலும்பிலிருந்து மூன்று இணைப்புநார்கள் கீழ்க்கால் எலும்புக்கு இறங்குகின்றன. அவற்றில் உட்புற நாரும் சில்லும் சேர்ந்து, தொடையெலும்பின் கீழ்முனையில் உள்ள உட்புற முகட்டின் மேல் ஒரு கண்ணிபோல் மாட்டிக்கொள்ளும். குதிரை அதிகத் தசை உழைப்பு இல்லாமல் நின்றபடியே களைப்பாறுவது இந்த அமைப்பினால்தான். மீண்டும் நடக்கத் தொடங்கும்போது தொடையின் முன்பக்கத் தசைகள் சில்லை மேலே இழுத்து அந்த முகட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். தசை தளர்ந்திருந்தால் விடுவிப்பது தாமதமாகும், நீங்கள் விவரித்தபடியே கால் பின்னால் நீண்டு நிற்கும். இளம் வயது, நேரான பின்னங்கால், நீண்ட நாள் அடைப்பு, அதனால் குறைந்துபோன தசை ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். உங்கள் குதிரையிடம் இவை எல்லாமே சேர்ந்திருக்கின்றன. இதுதான் கோளாறு என்றால், மேலும் ஓய்வு கொடுப்பது தசையை இன்னும் தளர்த்தி நிலைமையை மோசமாக்கும்.

ஆனால் குளம்பு நுனி உரசுவதற்கும் கேன்டரில் தயங்குவதற்கும் வேறு காரணங்களும் உண்டு. இளம் குதிரைகளில் தொடையெலும்பின் வெளிப்புற முகட்டில் குருத்தெலும்பு சரியாக வளராமல் பிளவுபடலாம், எலும்பின் உட்புறக் குமிழில் நீர்க்கட்டி போன்ற குழி உண்டாகலாம், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம், மூட்டு தேய்ந்திருக்கலாம். இந்த நிலைகளில் குதிரையை மேட்டில் ஏற்றி உழைக்க வைத்தால் காயம் பெரிதாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றும் கோளாறுகளுக்கு நேர் எதிரான பராமரிப்பு தேவைப்படுவதால்தான் நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓட விடும் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். குதிரையின் பின்னங்காலில் ஸ்டைஃபிளும், அதற்குக் கீழே மனிதரின் கணுக்காலுக்கு இணையான ஹாக் மூட்டும் சேர்ந்தே மடங்கும்படி பிணைக்கப்பட்டுள்ளன. ஒன்றை மடக்கினால் மற்றதும் மடங்கும், வலி எதிலிருந்து வருகிறது என்பது அதில் பிரிந்து தெரியாது. தேவைப்பட்டால் மருத்துவர் மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டு, நொண்டல் குறைகிறதா என்று பார்ப்பார். எலும்புக்கு எக்ஸ்ரேயும், நாருக்கும் மெனிஸ்கஸுக்கும் அல்ட்ராசவுண்டும் உதவும். ஒரு முக்கியமான யோசனை: காலையில் கால் பூட்டிக்கொள்வதை வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் வரும் நேரத்தில் குதிரை பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். காலை வயிற்றை நோக்கி வெடுக்கென்று மேலே தூக்கும் ஸ்ட்ரிங்ஹால்ட் என்ற வேறொரு கோளாறிலிருந்து இதைப் பிரித்தறியவும் அந்த வீடியோ பயன்படும்.

வெண்குளம்பு:

விரிவான விளக்கத்திற்கு மிக்க நன்றி. மருத்துவர் வந்து பார்த்தார். எக்ஸ்ரேயில் எலும்பில் குறை எதுவும் இல்லை, அல்ட்ராசவுண்டில் கிழிசலும் இல்லை. மூட்டில் சிறிதளவு நீர் சேர்ந்திருக்கிறது. இடது தொடைத் தசை வலதைவிட மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது என்றார். சில்லு பூட்டிக்கொள்வதுதான் கோளாறு என்றும், படிப்படியாகத் தசையை வளர்க்க வேண்டும் என்றும் சொன்னார். பயிற்சியை எப்படித் தொடங்குவது? கால் பூட்டிக்கொண்ட அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? வலி மருந்து கொடுத்துக்கொண்டே பயிற்சி தரலாமா?

கடிவாளம்:

கால் பூட்டிக்கொண்டால் முன்னால் இழுக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம்; மிரண்ட குதிரை மேலும் விறைக்கும். அமைதியாக ஓரிரு அடி பின்னோக்கி நடக்கச் செய்தால் பெரும்பாலும் தானே விடுபட்டுவிடும். பின்னோக்கி நடத்தியும் விடுபடாமல் வெகுநேரம் நின்றால் மருத்துவரை அழையுங்கள்.

பயிற்சியைவிட முதலில் மாற்ற வேண்டியது லாய வாழ்க்கைதான். கூடுமானவரை பகலும் இரவும் வெளியில் உலவ விடுங்கள். தானே நடந்து திரியும் குதிரையின் தசை நாள் முழுவதும் சிறிது சிறிதாக வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு மணி நேரச் சவாரிக்குப் பிறகு இருபத்து மூன்று மணி நேரம் அடைத்து வைத்தால் அந்தப் பலன் கிடைக்காது.

பயிற்சியைக் கையில் பிடித்து நடத்துவதிலிருந்து தொடங்குங்கள். உறுதியான, வழுக்காத தரையில், நேர்கோட்டில், சுறுசுறுப்பான நடை போதும். நடையில் குதிரை உறுதிப்பட்ட பிறகு மென்மையான ஏற்றத்தில் நடத்துங்கள். தொடைத் தசையை வளர்க்க அதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. இறக்கத்தில் மெதுவாக, கட்டுப்பாட்டுடன் வரச் செய்யுங்கள். பிறகு தரையில் கழிகளைப் பரப்பி அவற்றைத் தாண்டி நடக்க வைக்கலாம். கால் தடுமாறாமல் தாண்டப் பழகிய பின் கழிகளைச் சற்று உயர்த்தலாம். சவாரிக்குத் திரும்பும்போது, டிராட்டுக்கு முன் 15 முதல் 20 நிமிடம் நடை மட்டும் இருக்கட்டும். சிறிய வட்டங்கள், நீண்ட கயிற்றில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது, ஆழமான மணல், திடீர் நிறுத்தம் ஆகியவற்றை இப்போதைக்கு முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். சோர்ந்த தசை சில்லைச் சரியாக விடுவிக்காது. ஆகவே கால் இழுபடத் தொடங்கும் முன்பே அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும்.

உணவையும் கவனியுங்கள். நோயில் மெலிந்த குதிரைக்குத் தசை வளரப் போதிய புரதம் வேண்டும். பல், குடற்புழு ஆகியவற்றையும் சோதித்துவிடுங்கள். அதே சமயம் கொழுப்பேறினால் மூட்டுக்குச் சுமை கூடும்.

லாடக்கல்:

நான் குளம்பு வேலை செய்பவன், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குளம்பின் முன்னுனி நீண்டும் குதி தாழ்ந்தும் இருந்தால் ஒவ்வோர் அடியிலும் காலைத் தரையிலிருந்து எடுப்பது தாமதமாகும். சில்லும் தாமதமாகவே விடுபடும். நுனியைச் சுருக்கி உருட்டிவிட்டால் பல குதிரைகள் எளிதாகக் காலெடுக்கின்றன. குதியைச் சற்று உயர்த்துவது சிலவற்றுக்கு உதவும், ஆனால் அதை எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவருடன் பேசித்தான் செய்ய வேண்டும். ஐந்து, ஆறு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீர் செய்யுங்கள். லாடம் கட்டும்போது அந்தக் காலை உயரமாகவோ பக்கவாட்டில் இழுத்தோ பிடிக்காமல் தாழ்வாகப் பிடிக்கும்படி சொல்லுங்கள். இந்த மூட்டில் கோளாறு உள்ள குதிரை காலை உதறுவது பெரும்பாலும் வலியினால்தான்.

பிடரி:

வலி மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூட்டிக்கொள்வது இயக்கக் கோளாறு. வலி மருந்து சில்லை விடுவிக்காது. மூட்டில் நீர் சேர்ந்திருப்பதால் மருத்துவர் குறுகிய காலத்துக்கு ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்தைக் கொடுக்கலாம், அது அவருடைய முடிவு. அதை நீங்களே நீட்டித்துக்கொண்டு போனால் வயிற்றிலும் குடலிலும் புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வரக்கூடும்; போதாததற்கு, பயிற்சி அதிகமாகிவிட்டது என்று குதிரை காட்டும் அடையாளங்களையும் அது மறைத்துவிடும்.

நாரை அறுக்கும் சிகிச்சையைக் கடைசி வழியாக வையுங்கள். உட்புற நாரை அறுத்துவிட்டால் கால் இனிப் பூட்டிக்கொள்ளாது என்பது உண்மையே. ஆனால் சில்லைத் தாங்கிய மூன்று நார்களில் ஒன்று போய்விடுவதால் மூட்டின் சமநிலை மாறுகிறது. சில குதிரைகளில், குறிப்பாகப் போதிய ஓய்வின்றி வேலைக்குத் திரும்பியவற்றில், சில்லெலும்பின் கீழ்முனை சிதைந்து நிரந்தர நொண்டல் உண்டாகிறது. பல மாதம் முறையாகப் பயிற்சி தந்தும் பலனில்லை என்றால், நாரை முழுதாக அறுக்காமல் அதில் சிறு கீறல்கள் இட்டுத் தடிக்கச் செய்யும் சிகிச்சையைப் பற்றி முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இடைப்பட்ட காலத்தில் மூட்டு வீக்கம் கூடினாலோ, டிராட்டில் நொண்டல் தென்பட்டாலோ பயிற்சியை நிறுத்தி மறுபடியும் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.