புதுப்பிப்பு: காபி ருசிக் குறிப்புகள், தீர்வு கிடைத்தது

கும்பகோணத்தில் வாங்கும் காபித்தூள்களின் ருசியை டைரியில் எழுதுகிறேன், பிறகு தேடினால் அகப்படுவதில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, தேதிவாரியாக எழுதாமல் தூளுக்கு ஒரு அட்டை போடச் சொன்னதுதான். மேலே கொட்டை எந்த ரகம் (பீபெரியா பிளான்டேஷனா), சிக்கரி (கெட்டிக்காகக் காபித்தூளில் கலக்கும் வேர்த்தூள்) சதவீதம், வறுத்த தேதி. கீழே மணம், கசப்பு, புளிப்பு. பால் சேர்க்கும் முன் டிகாக்ஷனை ஒரு வாய் குடித்துவிட்டு எழுத வேண்டும். எக்செல்லும் நல்ல யோசனைதான், ஆனால் டபராவும் கையுமாக யார் தட்டுவது?

எதிர்பாராதது ஒன்று. 'நல்ல கெட்டி' என்று நான் மெச்சிய அட்டைகளை அடுக்கிப் பார்த்தால், எல்லாமே 40 சதவீத சிக்கரி! (சட்டப்படி 49 வரை போகலாம், பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும்.) அப்புறம் 20க்கு இறங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை.