பொருள்: லிங்க் – இணைப்பா, தொடுப்பா, கண்ணியா? வெள்ளிக்குள் தேவை

க. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

வழங்கிகளை (சர்வர்களை) பராமரிப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க, இயக்குதளத்தில் இருக்கிற கருவிகளைக் கொண்டே வன்பொருள் லிங்க்குகளில், அதாவது வட்டு, அட்டை, கேபிள் போன்றவை ஒன்றோடொன்று சேரும் இடங்களில், பழுது இருக்கிறதா என்று பார்ப்பது பற்றியது. தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். லிங்க், கனெக்‌ஷன் இரண்டுக்கும் இதுவரை 'இணைப்பு' என்றே போட்டு ஓட்டினேன். இந்த அத்தியாயத்தில் ஓடவில்லை. "இணைப்பு இணைக்கப்பட்டுள்ளது, ஆனால் இணைப்பு இல்லை" என்று ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. மூலத்தில் அது சரியான வாக்கியம்தான்: கேபிள் செருகியிருக்கிறது, லிங்க் எழவில்லை.

வேண்டியவை: லிங்க், லிங்க் டவுன் (விழுவது), டவுன்கிரேடட் (வேகமோ பாதையோ குறைந்து நிற்பது), ஃப்ளாப்பிங் (விட்டுவிட்டு வருவது), அப்புறம் டயக்னாஸ்டிக்ஸ் (பழுதைக் கண்டறிவது).

வே. எழுதியது:

அன்புள்ள க. அவர்களுக்கு,

டயக்னாஸ்டிக்ஸுக்கு எங்கும் அலைய வேண்டாம். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று 948ஆம் குறளிலேயே இருக்கிறது. நோயை நாடுவது வேறு, நோயின் முதலை நாடுவது வேறு என்று வள்ளுவர் பிரித்தும் வைத்திருக்கிறார். எனவே 'பழுதுநாடல்'.

லிங்க் என்பதற்கு 'புணரி' என்பேன். இரண்டு தனிப்பொருள்கள் முனையோடு முனை சேர்வதற்குத் தொல்காப்பியர் ஓர் இயலே வைத்து, அதற்குப் புணரியல் என்று பெயரும் இட்டார். நிலைமொழி வழங்கி, வருமொழி வட்டு. நன்னூலார் விகாரத்தை மூன்றாக்கினார்: தோன்றல், திரிதல், கெடுதல். லிங்க் எழுந்தால் தோன்றல், வேகம் குறைந்தால் திரிதல், விழுந்தால் கெடுதல். உங்கள் பட்டியலில் முக்கால்வாசி முடிந்துவிட்டது, பாருங்கள்.

ச. எழுதியது:

ஐயா, பழுதுநாடலுக்கு என் முழு ஓட்டு. புணரிக்கு இல்லை. ஒன்று, சங்கப் பாடல்களில் புணரி என்றால் அலை, கடல். இரண்டு, 'புணர்ச்சி தோல்வியுற்றது' என்று திரையில் வந்தால் இரவுப்பணியில் இருக்கிறவர் படம்பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் கேபிளைப் பார்ப்பார்.

என் முன்மொழிவு 'கண்ணி'. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணிதானே. கண்ணி பூட்டியது, கண்ணி அறுந்தது என்று வினையும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

மு. எழுதியது:

வேலை நேரத்தில் எட்டிப்பார்த்தேன், மன்னிக்கவும், கொஞ்சம் நீளமாகப் போகும். சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். க. சொல்கிற குழப்பம் சொல்லில் மட்டும் இல்லை, வேலையிலும் இருக்கிறது.

ஒரு வட்டு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். இயக்குதளத்தின் கருவான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைப் போட்டால் 'ஹார்டு ரீசெட்டிங் லிங்க்' என்ற வரி திரும்பத் திரும்ப வரும். சில நேரம் வட்டைச் சேர்க்கிற சாட்டா லிங்க்கை 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கோ, அதற்கும் கீழே 1.5க்கோ இறக்கிவிட்டதாகக் கெர்னலே சொல்லும். கெட்டது வட்டா, கேபிளா? அடுத்து, வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல். அது தரும் பட்டியலில் 5, 197 ஆகிய எண்ணுள்ள வரிகள் ஏறினால் வட்டின் மேல் சந்தேகம்: துண்டங்கள் சாகின்றன. 199 ஏறினால் கதை வேறு. அது சிஆர்சி பிழை, அதாவது வந்து சேர்ந்த தரவு சரிபார்ப்பில் பொருந்தாத பிழை. வட்டுக்கும் கட்டுப்படுத்திக்கும் நடுவே தரவு சிதைகிறது, பெரும்பாலும் கேபிளோ செருகுமுனையோதான் காரணம். ஒன்று கவனியுங்கள்: கேபிளை மாற்றியபிறகும் 199இன் பழைய எண் பூச்சியமாகாது. ஏறுவது நின்றதா என்றுதான் பார்க்க வேண்டும். இது தெரியாமல் நல்ல வட்டைக் கழற்றிப் போடுகிறவர்கள் நிறைய. க., மூலத்தில் இது இல்லாவிட்டால் ஓர் அடிக்குறிப்பாவது போடுங்கள்.

விரிவாக்க அட்டை என்றால், அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ. ரூட் உரிமையோடு, இரட்டை 'வி' கொடுத்து ஓட்டினால் இரண்டு வரி கிடைக்கும். லிங்க்கேப் என்பது அட்டையால் முடிந்தது; லிங்க்ஸ்டா என்பது இப்போது நடப்பது. மேலே 8 பாதை, கீழே 4 பாதை, பக்கத்தில் 'டவுன்கிரேடட்' என்று இருந்தால் அட்டை சரியாக உட்காரவில்லை, முனையில் அழுக்கு, இல்லையென்றால் அந்தச் செருகுவாயிலேயே நாலு பாதைக்குத்தான் கம்பி ஓடுகிறது. கடைசியில் சொன்னது பழுதே இல்லை. வேகம் மட்டும் குறைந்து தெரிந்தால் மின்சிக்கனத்துக்காகத் தானே இறங்கி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வேலை கொடுத்ததும் ஏறிவிடும்.

வலைய அட்டைக்கு ஈத்டூல். 'லிங்க் டிடெக்டட்: யெஸ்' என்று இருக்கும், வேகம் மட்டும் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100. ஜிகாபிட்டுக்கு கேபிளில் நான்கு இணைக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணை போதும். ஆக, இணைப்பில் ஓர் இணை அறுந்தாலும் இணைப்பு இருக்கிறது. இந்த வாக்கியத்தைக் க. எப்படி எழுதப்போகிறார் என்று எனக்கே ஆவலாக இருக்கிறது.

சுருக்கினால் மூன்று நிலை: கேபிள் செருகியிருக்கிறது. இரு முனையும் ஒன்றையொன்று கண்டு, வேகம் பேசி, ஒத்துக்கொண்டுவிட்டன. அதற்கு மேலே ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசுகிறது. அந்த அத்தியாயமே இந்த மூன்றில் எது போயிற்று என்று கண்டுபிடிப்பதுதான். மூன்றுக்கும் மூன்று சொல் கொடுங்கள். எந்தச் சொல்லானாலும் எனக்குச் சரி.

ந. எழுதியது:

மு. நன்றாக விளக்கினார். அவர் விளக்கத்தில் எத்தனை இடத்தில் 'லிங்க்' என்று எழுதினார், யாராவது பார்த்தீர்களா? குறை சொல்லவில்லை. அதுதான் வழக்கு.

கெர்னல் செய்திகள் மொழிபெயர்க்கப்படுவதே இல்லை. பதிவில் 'லிங்க் இஸ் டவுன்' என்றுதான் வரும், அந்தச் சொல்லைக் கொடுத்துத்தான் கிரெப் போட்டுத் தேட முடியும். போதாக்குறைக்கு லினக்ஸின் வெறும் கன்சோலில் தமிழ் ஒழுங்காக உருவெடுக்காது. கொம்பும் புள்ளியும் திசைக்கொன்றாக நிற்கும். வழங்கி படுத்துக் கிடக்கும்போது நாம் உட்காரும் திரை அதுதான். கையேட்டில் ஒரு சொல், திரையில் ஒரு சொல் என்றால் படிக்கிறவருக்கு இரட்டை வேலை. 'லிங்க்' என்றே வையுங்கள். திசைச்சொல்லைத் தமிழ் ஏற்காமலா இருந்தது?

வே. எழுதியது:

ஏற்றது, முறையோடு ஏற்றது. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்றார் தொல்காப்பியர். அயலெழுத்தை நீக்கி, நம் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும். லகரம் மொழிமுதலில் வாராது. மெல்லின மெய்க்குப் பின் ககர மெய் ஈற்றில் நில்லாது. ஆக உங்கள் சொல் 'இலிங்கு' ஆகும். இலிங்கு பழுதடைந்தது, இலிங்கு விழுந்தது என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் கோயிலுக்கு ஆள் அனுப்புவார்.

ச. எழுதியது:

:-) இதற்குப் புணரியே பரவாயில்லை ஐயா.

செ. எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இணை, பிணை, அணை, புணை எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் எண்ணம். முன்னிற்கும் எழுத்து மாற மாறப் பொருள் சற்றே நகர்கிறது. இணை என்றால் இரண்டும் சமம். அணை என்றால் ஒன்றை ஒன்று தழுவுவது. பிணை என்றால் விடாமல் கட்டுவது. புணை பல மரத்தைக் கட்டிய தெப்பம். வேகம் பேசி ஒத்துக்கொண்டபின் ஒன்றையொன்று விடாமல் நிற்பதால் லிங்க் என்பது 'பிணை'யே. 'பிணைப்பு' என்று வைக்கலாமா?

மு. எழுதியது:

வேதியியலில் பாண்டுக்கு அதைக் கொடுத்தாயிற்று. போதாததற்கு இரண்டு வலைய அட்டையைச் சேர்த்து ஒன்றாக்குவதையும் லினக்ஸில் பாண்டிங் என்றுதான் சொல்கிறோம். அது இதே கையேட்டில் இருக்கும். பிணை என்றால் ஜாமீன் வேறு. வேண்டாம்.

க. எழுதியது:

'தொடுப்பு' எப்படி? வலைப்பக்கச் சுட்டிக்கு ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். பூத்தொடுப்பதிலும் ஒன்றோடொன்று கோப்பதுதானே. செருகல், தொடுப்பு, இணைப்பு: மு. கேட்ட மூன்று நிலைக்கும் மூன்று சொல் ஆயிற்று.

வே. எழுதியது:

புணரி என்றதும் முகம் சுளித்தவர்கள் எல்லாம் எங்கே? 'அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கிறது' என்று ஊரில் சொன்னால் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று க.வுக்குத் தெரியாதா?

ச. எழுதியது:

தெரியும் ஐயா :-) ஆனால் 'தொடுப்பு விழுந்தது', 'தொடுப்பு எழுந்தது' என்றால் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருந்தாலும் கண்ணியை நான் இன்னும் விடவில்லை.

ந. எழுதியது:

கண்ணி என்றதும் எனக்குப் புறா பிடிக்கிற கண்ணியும் கண்ணிவெடியும்தான் நினைவுக்கு வருகின்றன. வழங்கி அறையில் 'கண்ணியைச் சோதிக்கவும்' என்று எழுதி ஒட்டினால் யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

செ. எழுதியது:

தாயுமானவரின் பராபரக்கண்ணியை மறந்துவிட்டீர்களே. இரண்டடி ஒரு கண்ணி, அப்படிக் கண்ணி கண்ணியாகக் கோத்த மாலை. இரு முனை சேர்ந்தது ஒரு லிங்க் என்பதற்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? தலையில் சூடும் மாலைக்கும் கண்ணி என்றே பெயர். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து 'கண்ணி கார்நறுங் கொன்றை' என்றுதான் தொடங்குகிறது.

(அடுத்து வந்த சில மடல்கள் கண்ணி, தார், கோதை மூன்றும் ஒன்றா வேறா என்பது பற்றி. கையேட்டுக்குத் தொடர்பில்லாததால் அதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். – க.)

மு. எழுதியது:

எல்லோரும் லிங்க்கையே பிடித்துக்கொண்டு 'பழுது' என்பதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். எரர் வேறு, ஃபால்ட் வேறு. விரிவாக்க அட்டைகள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸில் ஏஇஆர் என்று பிழைகளைத் தெரிவிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 'கரெக்டட்' என்ற அடைமொழியோடு அது பிழைகளைப் பதிவில் எழுதும். பிழை நேர்ந்தது, வன்பொருளே மறுபடி அனுப்பிச் சரிசெய்துகொண்டது, தரவுக்குக் கேடில்லை என்று பொருள். எப்போதாவது ஒன்றிரண்டு வந்தால் விட்டுவிடலாம். மழைபோல் கொட்டினால் அட்டையைக் கழற்றி மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். இரண்டையும் 'பழுது' என்று எழுதினால் முதல் வரியைப் பார்த்ததுமே வழங்கியை நிறுத்திவிடுவார்கள்.

வே. எழுதியது:

இதற்கும் இலக்கணம் இடம் வைத்திருக்கிறது. வழு, வழாநிலை, வழுவமைதி. பிழைதான், ஆனால் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்பட்டது என்பது வழுவமைதி. உங்கள் 'கரெக்டட்' எரர் அதுவேதான். எரர் வழு, ஃபால்ட் பழுது. முடிந்தது.

மு. எழுதியது:

ஐயா, இது நிஜமாகவே அருமை. ஆனால் வழுவமைதியில் பிழையை அப்படியே ஏற்கிறோம், இங்கே திருத்திவிடுகிறார்கள். 'தானே திருந்திய வழு' என்று நீட்டி எழுதினால் போதும்.

ந. எழுதியது:

ஃப்ளாப்பிங்?

செ. எழுதியது:

ஊசலாட்டம்.

மு. எழுதியது:

நாங்கள் சொல்வது 'விட்டுவிட்டு வருது'. கலைச்சொல்லாக வேண்டுமானால் ஊசலாட்டம் இருக்கட்டும். ஊசல் ஒரே சீராக ஆடும், இது அப்படி ஆடாது. ஆனாலும் புரியும்.

க. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்புகிறேன், இனி காத்திருக்க முடியாது. போட்டிருப்பது இவை: லிங்க் – தொடுப்பு (கண்ணிக்கு இருவர், தொடுப்புக்கு நால்வர், 'லிங்க்' என்றே வைக்க ஒருவர், புணரிக்கு ஒருவர்). டவுன் – விழுந்தது. டவுன்கிரேடட் – தரம் தாழ்ந்த தொடுப்பு. 'திரிந்த' என்றால் பால் நினைவு வருகிறது, வே. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளாப்பிங் – ஊசலாட்டம். எரர் – வழு. ந. சொன்னதற்காக, திரையில் வரும் வரிகளை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'லிங்க் எனப்படும் தொடுப்பு' என்று எழுதியிருக்கிறேன். 199 பற்றிய அடிக்குறிப்பும் சேர்த்தாயிற்று. அத்தியாயத் தலைப்பு: 'இயக்குதளக் கருவிகளால் வன்பொருள் தொடுப்பு பழுதுநாடல்'.

வே. எழுதியது:

தொடுப்பு என்பது வன்றொடர்க் குற்றியலுகரம். வல்லினம் வந்தால் ஒற்று மிகும். 'தொடுப்புப் பழுதுநாடல்'. சொல்லைத்தான் ஏற்கவில்லை, ஒற்றையாவது விட்டுவிடாதீர்கள்.

ச. எழுதியது:

பார்த்தீர்களா, 'கண்ணிப் பழுதுநாடல்' என்றால் வாயில் எவ்வளவு எளிதாக வருகிறது! அடுத்த பதிப்பில் மறுபடி எடுப்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ந. எழுதியது:

அதுவரை நாங்கள் லிங்க் என்றே சொல்லிக்கொள்கிறோம்.