புதுச்சேரி முத்தியால்பேட்டை வீடு: ஆயா படம்

நான்: எல்லாருக்கும் வணக்கம். இன்று பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். தாத்தாவின் கவிதை நோட்டு ஒன்றும் தேறவில்லை. 2011 டிசம்பர் 30, தானே புயலில் ஓடு பறந்து தண்ணீர் இறங்கியதே, தாளெல்லாம் ஒட்டிக் கட்டிதட்டிப் போய்விட்டது. பிஸ்கட் டப்பாவுக்குள் இது மட்டும் பிழைத்திருக்கிறது.
[படம்]

பெரியப்பா: அம்மா!!

பெரியப்பா: அப்பா வரைந்ததுதான். உட்கார் என்றால் அம்மா உட்கார மாட்டாள். கிணற்றடியில் மீன் ஆயும்போது அப்பா எதிரே முக்காலி போட்டுக்கொள்வார்.

நான்: பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி இருக்கிறது பெரியப்பா. "அசையாதே என்றால் சிரிக்கிறாள்." வாயை மட்டும் நாலைந்து தடவை அழித்து அழித்து வரைந்திருக்கிறார். அந்த இடத்தில் தாள் பஞ்சு மாதிரி எழும்பியிருக்கிறது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா: பாப்பா, திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த கடை இருக்கிறது. கொண்டு வா, லேமினேட் போட்டுவிடலாம்.

நான்: ஐயோ, வேண்டாம் சித்தப்பா. சூட்டில் பசை உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. பென்சில் கோடு வெளிச்சத்தில் வெளுக்காது, ஆனால் விரல் பட்டால் கலைந்துவிடும். நம் ஊர்க் கடல் காற்றுக்குப் பூஞ்சையும் பிடிக்கும். அமிலம் இல்லாத அட்டையில் வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி சட்டம் போடவேண்டும். மழையில் ஊறும் சுவரில் மாட்டவும் கூடாது.

சித்தப்பா: சரி சரி. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நீ சொல்கிறபடியே செய்யலாம். அதுவரை யாரும் தொடாதீர்கள்.

அத்தை (பாரிஸ்): இப்போதுதான் பார்த்தேன். பின்பக்கத்தையும் அனுப்பு கண்ணு.

நான்: [படம்]

அத்தை (பாரிஸ்): அந்தக் கோடுகளைப் பார்! 8 மில்லிமீட்டர் கட்டம், உள்ளே 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. பிரெஞ்சுப் பள்ளிக்கூட நோட்டு. என் பேரன் இன்றைக்கும் இதே கோட்டில்தான் எழுதுகிறான்.

நான்: அப்படியென்றால் 1954க்கு முன்னால் வரைந்ததா அத்தை?

பெரியப்பா: அதை வைத்துச் சொல்ல முடியாது அம்மா. பிரெஞ்சுக்காரன் போன பிறகும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் நடந்தது.

அத்தை (பாரிஸ்): அண்ணா, காதில் தோடு இருக்கிறது பாருங்கள். என் கல்யாணத்துக்கு விற்ற தோடு. அதற்கப்புறம் அம்மா கம்மல்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

பெரியப்பா: ஆமாம்மா. கல்யாணத்துக்கு முந்தியதுதான்.

அத்தை (பாரிஸ்): இங்கே விக்டர் ஹியூகோ இருந்த வீட்டில் அவர் சித்திரங்களைப் பார்த்திருக்கிறேன். கவிஞர்தான், ஆனால் 4,000 அளவுக்கு வரைந்தவர். பெரும்பாலும் மையில், கோட்டையும் கடலுமாக. அப்பாவுக்கு இந்த ஒரு தாள்தான் மிஞ்சியது. எனக்கு இது போதும்.

அத்தை (பாரிஸ்): காதை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பு கண்ணு. அது ஏழு கல் தோடு. அப்பா ஏழும் போட்டிருக்கிறாரா?

நான்: [படம்]

நான்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. எண்ணிப் பார்த்துவிட்டேன் அத்தை.