ஃபிர்மான் உதினா: 2010 விருது நியாயமா?

கடைசி விசில்: 2010 ஏஎஃப்எஃப் கோப்பையின் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கால்பந்துப் போட்டி) சிறந்த வீரர் விருது இந்தோனேசியக் கேப்டன் ஃபிர்மான் உதினாவுக்குப் போனதை என்னால் ஏத்துக்கவே முடியல. கோப்பை மலேசியாவுக்கு. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாவது இறுதி ஆட்டத்தில், 18வது நிமிஷம் கிடைச்ச பெனால்டியை ஃபிர்மான் அடிக்க, மலேசியக் கோல்கீப்பர் கைருல் ஃபாமி தடுத்துட்டார். 5 கோல் போட்ட மலேசிய ஸ்ட்ரைக்கர் சாஃபி சாலிக்குத்தான் விருது போயிருக்கணும்.

எட்டாம் நம்பர்: சாஃபிக்கு அதிக கோல் போட்டவர் விருது தனியா இருக்கே. ஃபிர்மானோட வேலை வேற. இந்தோனேசியப் பயிற்சியாளர் ரீடல் ஆட வெச்சது 4-4-2. முன்னாடி கோன்சாலஸ், இர்ஃபான் பாக்டிம். ஓரங்களில் ஓக்தோ, ரித்வான். நடுவில ஃபிர்மானும் புஸ்தோமியும் மட்டும். புஸ்தோமி பின்னாடி நிப்பார். ஃபிர்மான் பந்தை வாங்கித் திரும்பி, ஒரே தொடுதலில் ஓரத்துக்கு அனுப்பணும். அவர் திரும்பலேன்னா அந்த ரெண்டு விங்கரும் சும்மா ஓடிட்டிருக்க வேண்டியதுதான். குரூப்பில மலேசியாவை 5–1ன்னு அடிச்சது அந்த அமைப்புதான்.

கடைசி விசில்: அதே அமைப்புதான் மலேசியாவில, புக்கிட் ஜாலில்ல நடந்த முதல் இறுதி ஆட்டத்துல உடைஞ்சது. ஃபிர்மான் மேலே போனா புஸ்தோமி தனி ஆள். 61, 68, 73... பன்னிரண்டு நிமிஷத்துல மூணு கோல். நடுவரிசை எங்க போச்சு?

எட்டாம் நம்பர்: முதல் கோலைத் திரும்பப் பாருங்க. மலேசியாவோட நோர்ஷாருல் கோல் கோட்டை ஒட்டி நம்ம டிஃபெண்டர் மாமானை ஏமாத்திட்டு உள்ளே கொடுக்கறார், சாஃபி முடிக்கறார். அது டிஃபெண்டர் தப்பு, இதுல மிட்ஃபீல்டர் என்ன பண்ணுவார்? அதுக்கு முன்னாடி ரசிகர்கள் வீரர்கள் மேல லேசர் விளக்கு அடிச்ச பிரச்சினைல ஆட்டம் நின்னுது, இந்தோனேசிய வீரர்கள் வெளியவே போயிட்டாங்க. திரும்பி வந்ததும் கவனம் போச்சு.

தென்மூலை: லேசர் அடிச்சது அசிங்கம்தான், ஆனா எல்லாத்தையும் அது மேல போடாதீங்க. டிசம்பர் 1ல 1–5ன்னு தோத்த அணியை, 26ஆம் தேதி 3–0ன்னு ஜெயிக்க வெச்சது மலேசியப் பயிற்சியாளர் ராஜகோபால். அவர் பேரை ஒருத்தரும் எடுக்கலையே?

கடைசி விசில்: சரி, பெனால்டிக்கு வாங்க. கோன்சாலஸ் மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர் களத்துல இருக்கும்போது கேப்டன் ஏன் எடுக்கணும்?

தென்மூலை: எடுத்ததுல தப்பில்ல. ஆனா அது உள்ள போனா கோப்பை வந்திருக்கும்னு சொல்றதும் தப்பு. ரெண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தக் கணக்கு மலேசியாவுக்கு 4–2. அதைச் சேர்த்தாலும் 4–3தான்.

எட்டாம் நம்பர்: இங்க மட்டும் நான் கடைசி விசில் பக்கம். கணக்கு அப்படி ஓடாது. 18வது நிமிஷத்துல 1–0ன்னா இன்னும் 72 நிமிஷம், சமமாக இன்னும் தேவை ரெண்டே கோல். மலேசியா பின்வாங்கியிருக்கும், 54ல சாஃபி போட்ட கோலுக்கே வழி இருந்திருக்காது. அந்த உதைக்கு விலை பெருசுதான். ஆனா விருது மொத்தப் போட்டிக்கும்.

கடைசி விசில்: பெரிய ஆட்டம்னா பதுங்குவார்னு சொல்றேன், அவ்வளவுதான்.

எட்டாம் நம்பர்: பதுங்கறவரா? 2005 கோப்பா இந்தோனேசியா இறுதிப்போட்டி. ஃபிர்மான் ஆடின அரேமா 4, பெர்சிஜா 3, கூடுதல் நேரம் வரை போன ஆட்டம். ஃபிர்மான் ஹாட்ரிக்.

அப்புறம் 2014, பாண்டுங் நகர கிளப் பெர்சிப். இதை யாரும் சரியா பேசறதில்ல. அங்க பத்தாம் நம்பர் வேலை, அதாவது ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னாடி நின்னு தாக்குதலை உருவாக்கறது, கொனாத்தேக்கு. ஹரியோனோ எதிராளியை மறிச்சுப் பந்தைப் பறிக்க, ஃபிர்மான் அவர் பக்கத்துல இறங்கி நின்னு பந்தைப் பிரிச்சுக் கொடுத்தார். ஸ்ரீவிஜயா கிளப்புல அவர்கூட ஆடி 2011–12 லீக் ஜெயிச்ச ரித்வானும் சுபார்தியும் வலப்பக்கம். அவர் தலையைத் தூக்காமலே அந்தப் பக்கம் பாஸ் போவும். பாலெம்பாங்ல நடந்த இறுதிப்போட்டியில பெர்சிபுராவோட 2–2, பெனால்டில 5–3. பாண்டுங்குக்கு 1995க்கு அப்புறம் கிடைச்ச முதல் லீக் அது.

தென்மூலை: 2017ல பயாங்காரா கிளப்போட ஜெயிச்ச லீக்கையும் கணக்குல சேர்ப்பீங்களோ? பாலி யுனைடெட்டும் அவங்களும் 68 புள்ளி, நேருக்கு நேர் மோதின கணக்குல பட்டம். மித்ரா குகார் தடையில இருந்த சிசோக்கோவை இறக்கினதால களத்துல இல்லாம தீர்ப்பா கிடைச்ச 3–0வும் அதுக்குள்ள இருக்கு.

எட்டாம் நம்பர்: அதைச் சேர்க்கல. 35 வயசுல அணியில இருந்தார், பதக்கம் வந்தது. பெர்சிப்பைப் பத்தி பதில் சொல்லுங்க.

கடைசி விசில்: பெர்சிப்ல நல்லா ஆடினார், ஒத்துக்கறேன். பக்கத்துல ஹரியோனோ இருந்தார்ல. 2010ல அப்படி ஒருத்தரை ரீடல் கொடுக்கல. அப்போ என் கோபம் ரீடல் மேல. விருது இன்னும் சாஃபிக்குத்தான்.