கோங் யூவை எனக்குக் காட்டிய படம்

இந்த ரசிகர் பக்கத்தில் பலரும் 'காப்லின்' தொடர் பார்த்துத்தான் தென்கொரிய நடிகர் கோங் யூவுக்கு ரசிகரானதாகச் சொல்கிறீர்கள். எனக்கு 'ஸ்க்விட் கேம்' தொடர். சுரங்க ரயில் நிலையத்தில் கோட் சூட் போட்டு வந்து, மடித்த காகித அட்டையை வைத்து விளையாடக் கூப்பிடுவாரே, தோற்றால் கன்னத்தில் அறைவாரே, அவர்தான். யார் இவர் என்று தேடினால், 'டிரெயின் டு பூசான்' படத்தில் மகளைக் காப்பாற்ற ஓடிய அப்பாவும் இவரே! 2016இல் வந்த அந்தப் படத்தைக் கொரியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் தியேட்டரில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது 2011இல் வெளியான 'சைலன்ஸ்டு' பற்றி. 2007இல் 'காபி பிரின்ஸ்' தொடரால் உச்சத்துக்குப் போனவர், அடுத்த ஆண்டே கட்டாய ராணுவச் சேவைக்குப் போய்விட்டார். அங்கே கோங் ஜி-யோங் எழுதிய ஒரு நாவல் அவர் கைக்கு வந்தது. குவாங்ஜு நகரில், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகளை வைத்து எழுதிய கதை. அதைப் படமாக்க வேண்டும் என்று அவரே முன்கை எடுத்தார். காதல் நாயகனாகப் பெயர் வாங்கிய எத்தனை பேர் இதைச் செய்வார்கள்? இயக்கியவர் ஹ்வாங் டோங்-ஹியுக். ஆமாம், பத்து வருஷம் கழித்து 'ஸ்க்விட் கேம்' எடுத்த அதே ஆள்தான்.

அந்தப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேரும் ஓவிய ஆசிரியராகக் கோங் யூ வருகிறார். நடந்ததைப் பிள்ளைகள் சைகையில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் முடித்தேன்.

படம் வந்ததும் நாடே கொதித்தது. போலீஸ் மறுபடி விசாரணையைத் தொடங்கியது, அந்தப் பள்ளி மூடப்பட்டது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு கிடையாது என்று அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. படத்தின் கொரியப் பெயரை வைத்து அதைத் 'தோகானி சட்டம்' என்றே அழைக்கிறார்கள். ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய விருது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், 2019இல் வந்த 'கிம் ஜி-யோங், பார்ன் 1982' பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 'சைலன்ஸ்டு'வில் கூட நடித்த ஜங் யூ-மிதான் அதில் நாயகி, கோங் யூ அவருக்குக் கணவராக வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.