கண் மங்கிய அப்பாவுக்கு மணியோசை கேட்க வேண்டும்: எங்கே, எத்தனை மணிக்குப் போகலாம்?

களியக்காவிளை மகன்:
அப்பா 38 வருடம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இப்போது வயது 74. சர்க்கரையால் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது, கடையை மூடி ஒரு வருடம் ஆகிறது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. போன வாரம் திண்ணையில் உட்கார்ந்தபடியே பக்கத்து வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கேட்டு, "அது நொண்டுது, நேரா மாட்டச் சொல்லு" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்கியது.

உள்ளங்கையில் அடங்கும் யந்திரங்களோடே காலம் போய்விட்டது, எடையில் ஓடும் பெரிய கடிகாரம் ஒன்றின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அடிக்கடி சொல்கிறார். இரண்டு நாள் லீவு எடுக்கிறேன். செங்குத்தான படி ஏற மாட்டார். எங்கே நின்றால் மணி நன்றாகக் கேட்கும்?

தக்கலை டீச்சர்:
தம்பி, பத்மநாபபுரம் அரண்மனையை விட்டுவிடாதீர்கள். இருப்பது நம் குமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசு. உள்ளே மரப்படிகள் குறுகல், அப்பாவை அதில் ஏற்ற வேண்டாம். மணிமாளிகைக் கடிகாரத்தைக் கீழே முற்றத்தில் நின்றே பார்க்கலாம். எடை கட்டி ஓடும் பழைய கடிகாரம். திங்கட்கிழமை விடுமுறை, மதியச் சாப்பாட்டுக்கும் அடைப்பார்கள். 12 மணி அடிக்கும்போது முற்றத்தில் இருக்கிற மாதிரி வாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இருந்தால் ஒன்றும் கேட்காது, அதனால் சனி ஞாயிறு தவிர்ப்பது நல்லது. கிளம்புமுன் கடிகாரம் ஓடுகிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். எடையை மேலே ஏற்றாவிட்டால் எந்தக் கடிகாரமும் நின்றுவிடும்.

நாரோயில்காரன்:
அண்ணே, நம்ம நாகர்கோவில் மணிக்கூண்டு, மணிமேடை இருக்கிறதே! 1893-இல் மூலம் திருநாள் மகாராஜா திறந்து வைத்தது. கடிகாரம் ஜேம்ஸ் டதி என்ற லண்டன் மிஷன் பாதிரியார் கொடுத்தது. அப்போது நாம் திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். பகலில் பஸ் ஹாரனில் மணி அமுங்கிவிடும். விடியற்காலை 5 மணிக்குக் கூட்டி வாருங்கள், டீக்கடை மட்டும்தான் திறந்திருக்கும்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். மணிக்கு மணி அடிக்கும் கடிகாரம் 1 முதல் 12 வரை அடிக்க 78 அடி, ஒரு நாளைக்கு 156. நேரம் காட்ட ஒரு எடை, மணி அடிக்கத் தனியாக இன்னொரு எடை. சுத்தியலைத் தூக்குவது லேசான வேலை இல்லை. வெயில் காலத்தில் பெண்டுலம் கம்பி நீளும், கடிகாரம் பின்தங்கும். சாதாரண எஃகுக் கம்பி என்றால் 1 டிகிரி சூடு ஏறினாலே நாளுக்குக் கிட்டத்தட்ட அரை நொடி.

கிழக்கே கோட்டை தமிழன்:
திருவனந்தபுரத்தில் மேத்தன் மணி என்று ஒரு பழைய கடிகாரம். பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில், பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்து இருக்கிறது. தாடி வைத்த மர முகம், இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடா. மணி அடிக்கும்போது வாய் திறக்கும், கிடாக்கள் கன்னத்தில் முட்டும். சுவாதித் திருநாள் காலத்துக் கைவேலை. ரோட்டில் நின்றே பார்க்கலாம், படியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கோயிலுக்குள் போவதானால்தான் வேட்டி வேண்டும். ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் நில்லுங்கள், தவறவிட்டால் இன்னொரு மணி நேரம்.

இன்னொரு தடவை லீவு கிடைத்தால் கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்களின் வழிபாட்டுக் கூடம். 1760-வாக்கில் எசேக்கியேல் ரஹாபி கட்டிய மணிக்கூண்டு. ஒரு முகத்தில் எபிரேய எண், ஒன்றில் ரோமன், ஒன்றில் பழைய மலையாள எண். அந்த மலையாள எண்கள் நம் தமிழ் எண்கள் ௧, ௨, ௩-க்கு உறவுக்காரர்கள், பார்த்தவுடன் தெரியும். சனிக்கிழமை போகாதீர்கள்.

நெல்லை அண்ணாச்சி:
கடிகாரத்துக்கு முந்தின மணி ஒன்றும் உண்டு தம்பி. திருச்செந்தூரில் பூசை மணி அடித்ததும், வழியெல்லாம் இருந்த மணி மண்டபங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து, ஓசை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேருமாம். அதற்குப் பிறகுதான் கட்டபொம்மன் சாப்பிடுவார் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

களியக்காவிளை மகன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று திருவனந்தபுரம் போய் வந்தோம். 11 மணிக்குக் குளக்கரையில் நின்றோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், ஒவ்வொரு அடிக்கும் விரலால் தட்டினார். முடிந்ததும் முதல் கேள்வி: "ரெண்டு கிடாவும் ஒரே நேரத்துலயா முட்டுது, மாறி மாறியா?"

நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், கிடாவைக் கவனிக்கவில்லை. சொன்னேன்.

"சரி, அப்போ பன்னிரண்டு அடிக்கட்டும்" என்று திண்டில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். டீச்சர், நாளைக்கு அரண்மனை.